சத்தத்தை அணைத்துப் பார்த்தவை

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வளையல் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஒரு குறுகலான மாடிப்படி ஏறும். ஏறி முடித்து மூச்சு வாங்கினால் எங்கள் வாசகசாலை. பதினொரு வருஷமாக அதைப் பார்த்துக்கொள்பவள் நான், பெயர் ஜெயசுதா. மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை ஈ காக்கை வராது. மேற்கு ஜன்னலில் ராஜகிரிக் கோட்டை மலை தெரியும். வெயில் ஏற ஏறப் பாறைகளுக்கும் வானத்துக்கும் நடுவில் இருக்கும் கோடு கலங்கிப்போகும். மலை கொஞ்சம் கிட்டே வந்து நிற்கிற மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் எனக்கு அரைத் தூக்கம் வருவதுண்டு. முழுத் தூக்கம் தூங்கியதில்லை என்று கமிட்டிக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, பிள்ளைகளுக்கு நெட்டில் எதைக் காட்டுவது என்று அம்மாக்கள் படியேறி வந்து கேட்க ஆரம்பித்தார்கள். பிள்ளை கையில் போன் இருந்தது, போனுக்குள் காடு இருந்தது, வழி யாருக்கும் தெரியவில்லை. நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கணக்குக்குக் கான் அகாடமி, பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம், சின்னப் பிள்ளைகளின் படக்கதைக்கு ஸ்டோரிவீவர், அறிவியல் சோதனைகளுக்கு ஃபெட் என்று முதலில் ஏழு. பிறகு அது வளர்ந்து நாற்பத்து மூன்று ஆனது. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று பக்கத்திலேயே எழுதினேன். தளவானூரிலிருந்து நெடுமாறன் வாத்தியார் மாதம் ஒருமுறை வந்து பத்துப் பிரதி வாங்கிப்போவார். "மேடம், இருபத்தொண்ணாம் நம்பர் போட்டதும் எங்க பசங்க கப்சிப்னு ஆயிட்டானுங்க" என்பார். எனக்குத் தலைகால் புரியாது.

நான் தளங்களைப் பார்த்ததே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கேட்டேன். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவிக்கொண்டே கேட்பேன். குரலே இல்லாத சிலவற்றை வாத்தியார்கள் சொன்னதை நம்பிச் சேர்த்தேன். பாடம் சொல்கிறவரின் குரல் சரியாக இருந்தால் அவர் சொல்லுவதும் சரியாக இருக்கும் என்பது என் கொள்கை. அவசரப்படுகிற குரலுக்கும் அதட்டுகிற குரலுக்கும் என் பட்டியலில் இடமில்லை. மத்தியான மயக்கத்தில் அந்தக் குரல்கள் எல்லாம் ஒன்றாகக் கலக்கும். வேதியியல் சொல்கிற ஆள் முன்னால் போக, கதை சொல்கிற பெண் பின்னால் போக, நாற்பத்து மூன்று பேரும் வரிசையாக ராஜகிரிப் படிகளில் ஏறிக்கொண்டிருப்பார்கள். நான் கீழே நின்று யார் யார் வந்துவிட்டார்கள் என்று சரிபார்ப்பேன். நல்ல கனவு அது. கொள்கை வைத்திருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட நல்ல கனவுகள்தான் வரும்.

மாசி மாதத்தில் ஒரு நாள் முன்னி வந்தாள். எங்கள் தெருவில் மெத்தைக் கடை வைத்திருக்கும் கௌஸ் பாஷாவின் மனைவி. அவர்கள் கடையில் பஞ்சு அடிக்கும் நாளெல்லாம் எங்கள் ஜன்னலுக்குள்ளும் பஞ்சு வரும். புத்தக அலமாரியில் வந்து உட்காரும். அதற்காக நான் அவளிடம் இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன்.

"அக்கா, சின்னப் புள்ளைக்குக் கத சொல்ற மாதிரி எதனா இருக்குதா? நல்லா கணீர்னு பேசணும்."

"எத்தினி வயசு?"

"ஆறு. ஆலியான்னு பேரு."

"ஸ்கூலுக்குப் போவுதா?"

"இந்த ஜூன்ல சேக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆறு வயசுப் பிள்ளை ஏன் இன்னும் சேரவில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு என் காதில் ஒரு புதுக் குரல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கவனத்திலேயே, பட்டியலில் ஏற்கெனவே இருந்த இருபத்தேழாம் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பெண் கதை சொல்லும் தளம் அது. பாலில் தேன் விட்டதுபோல் இழையும் குரல். அதைக் கேட்டு நானே பல மத்தியானங்களில் பசை டப்பாவில் தலை சாய்த்திருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து, பூர்த்தி செய்ய ஒரு விண்ணப்பத்தோடு முன்னி மறுபடியும் வந்தாள். மகளும் கூட வந்திருந்தாள். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை, கண்கள் மட்டும் முகத்தில் பாதி. பிள்ளையிடம் போனைக் கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, முன்னி விண்ணப்பத்தை மேஜைமேல் வைத்தாள். மேல் வரியை மட்டும் உள்ளங்கையால் மூடியிருந்தாள்.

பிள்ளை என் இருபத்தேழாம் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் குரலை நானும் கொஞ்சம் கேட்கலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன். சத்தமே இல்லை. வாசகசாலை என்பதால் முன்னி போனின் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாள். அடடா, கதையே கேட்காமல் இந்தக் குழந்தை எதைப் பார்க்கிறது என்று பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினேன். அழுத்தம் கூடிப்போய்க் கதைக்காரி அலறினாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். கீழே சைக்கிள் கடைக்காரர்கூட அண்ணாந்து பார்த்திருப்பார். ஆலியா அசையவில்லை.

அப்போதுதான் முதல் தடவையாக அந்தத் தளத்தைக் கண்ணால் பார்த்தேன். கதை முழுக்க ஒரே ஒரு படம். ஒரு மரம், மேலே நிலா. இருபது நிமிஷமும் அதே மரம், அதே நிலா. ஆலியா என் விரலைப் பிடித்துத் திரையின் ஒரு மூலையில் வைத்தாள். இலைகளுக்குள் ஒரு குருவி ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் பார்த்திருப்பாளோ. ஒரு மாதமாக அந்தப் பிள்ளைக்கு நான் கொடுத்திருந்தது ஒரு மரமும் ஒரு நிலாவும்தான்.

முன்னியின் உள்ளங்கை விண்ணப்பத்திலிருந்து விலகியது. காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி. விழுப்புரம் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்றேன். கோபம் என்மேல்தான், அது போய் விழுந்தது அவள்மேல்.

"நம்பர் போட்டுக் குடுத்தீங்க. நம்பர் போட்டுக் குடுத்ததுல போயி நான் இன்னா கேக்கறது அக்கா" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். காது மிஷின் வாங்கி மாட்டியது, பிரயோஜனம் இல்லாமல் பிள்ளை அதைப் பிடுங்கிப் போட்டது, டாக்டர் உதட்டைப் பிதுக்கியது. "எங்க பெரிய நாத்தனாரு சொன்னாங்க, கணீர்னு குரல் கேட்டுக்கினே இருந்தா ஒரு நாளைக்குத் தெறந்துக்கும்னு. கையால ஜாட காட்ட மட்டும் வுடாதன்னாங்க. கை பேசினா வாய் மூடிக்குமாம்."

"அதனால?"

"புடிச்சிக்குவேன். கையத் தூக்கும்போதெல்லாம் மணிக்கட்டப் புடிச்சிக்குவேன்."

கௌஸ் பாஷா கெடு வைத்திருந்தார். ஜூனுக்குள் பிள்ளை தனக்கு வேண்டியதைச் சொல்லி, வீட்டில் இருப்பவர்களுக்கு அது புரிந்தால் இங்கேயே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் விடுதி. முன்னிக்கு ஆலியா ஒரே பிள்ளை. "ராத்திரி எங்கழுத்துல கை போட்டாத்தான் தூங்கும்க்கா. அங்க யாரு கழுத்து இருக்குது" என்றாள். கிடைத்த மூன்று மாதத்தில் ஒரு மாதத்தை நான் தின்றிருந்தேன்.

விண்ணப்பத்தை வாங்கி மேஜை டிராயரில் போட்டேன். "ஒரு வாரம் குடு" என்றேன்.

அந்த வாரம் முழுக்க, மத்தியானங்களில் இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்பத்து மூன்று தளங்களையும் சத்தத்தை அணைத்துப் பார்த்தேன். அது வேறு ஊராக இருந்தது. நான் மதித்த குரல்கள் எல்லாம் வெறும் வாய்களாகித் திறந்து திறந்து மூடின. வேதியியல் சொல்கிற ஆள் ஒரு கட்டத்துக்குள் உட்கார்ந்து தாடையை அசைத்துக்கொண்டே இருந்தார். ஜன்னலுக்கு வெளியே பஞ்சு மிதந்தது. மலை சும்மா நின்றது. பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் இத்தனை வருஷமாக இங்கேதான் இருந்திருக்கிறது. இயர்போனைக் கழற்றிய பிறகுதான் என் காதில் விழுந்தது. கண்ணை மூடினால் என் கனவில் படியேறுகிறவர்கள் பாதிவழியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்கும் பேச்சு வரவில்லை.

நாற்பத்து மூன்றில் தேறியது ஐந்து. எழுத்தில்லாத படக்கதைகள் தேறின. காந்தத்தை நகர்த்தினால் பல்பு எரியும் ஃபெட் தேறியது. புதிதாக ஒன்றும் கிடைத்தது. இந்திய சைகை மொழிக்கு என்றே ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அவர்கள் சொல்லுக்குச் சொல் வீடியோ எடுத்து அகராதியாகப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நாற்பத்து நாலு வயது வரை படித்துக்கொண்டே இருந்த எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் முன்னியையும் ஆலியாவையும் வரச் சொல்லி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். திரையில் ஒரு பெண் வந்து நின்று, தண்ணீர் என்பதைக் கையால் சொன்னாள். கீழே இருந்த ஆங்கிலச் சொல்லுக்கு நான் தமிழில் ஒரு துண்டுச்சீட்டு எழுதி வைத்தேன். அடுத்து பால். அடுத்து வீடு.

ஆலியா முதலில் திரையைத் தொட்டாள். பிறகு எழுந்து போய்க் கம்ப்யூட்டரின் பின்பக்கம் பார்த்தாள். திரும்பி வந்து தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அவற்றைப் பார்த்தபடியே இருந்தாள். மெல்ல வலது கை மேலே வந்தது. முன்னி பழக்கத்தில் எட்டி மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த மாத்திரத்தில், சுட்டதுபோல் விட்டுவிட்டாள். நான் துண்டுச்சீட்டைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். நான் சாதாரணமாக அழுகிறவள் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் மத்தியானங்கள் மூன்று பேருடையவை ஆயின. ஆலியா ஒருமுறை பார்த்தால் போதும், கை பிடித்துக்கொள்ளும். முன்னிக்கு மூன்று முறை. எனக்குக் கணக்கில்லை, நான் பால் என்று சொல்லப்போய் வேறு எதையோ சொல்ல, பிள்ளை மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிக்கும். அகராதியில் இல்லாத சொற்களும் அவளிடம் இருந்தன. அம்மா பார்க்காத நேரத்தில் தானே செய்து வைத்துக்கொண்டவை. மலைக்கு மூடிய கையின்மேல் ஒரு விரல். கௌஸ் பாஷாவுக்கு இரண்டு கையாலும் பஞ்சை மேலே வீசிவிடுவது. எனக்கு இரண்டு சுட்டுவிரலையும் இரண்டு காதில் வைத்துக்கொள்வது. ஊரில் எல்லோரும் வைத்த பெயர்களைவிட அது சரியாக இருந்தது.

"உனக்கு இன்னா பேரு வச்சிருக்கா?" என்று முன்னியைக் கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா" என்று துண்டுச்சீட்டை அடுக்கினாள். ஒரு நாள் முன்னி கீழே போயிருந்தபோது, அம்மா எங்கே என்று ஆலியா என்னிடம் கேட்டாள். இடது கையால் தன் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக் காட்டினாள். அதுதான் அம்மா.

சித்திரை முடிவதற்குள் கௌஸ் பாஷா படியேறி வந்தார். தலையெல்லாம் பஞ்சு. கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். ஆலியா அவர் எதிரில் போய், தண்ணீர் வேண்டும், எனக்கில்லை, உங்களுக்கு, வெயில், என்று வரிசையாகச் சொன்னாள். முன்னி ஒவ்வொன்றாக வாயால் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியில் ஆலியா நீட்டிய சொம்பை வாங்கி அவர் குடித்தார். குடித்துவிட்டு, சொம்பைக் கீழே வைக்காமலேயே, "எந்த ஆஸ்டலும் வோணாம். இங்கியே இருக்கட்டும்" என்றார். முன்னி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த வாரத்தில்தான் ஆலியா அந்த வீடியோவைக் கண்டுபிடித்தாள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவித் தானே போய்ச் சேர்ந்தாள். ஏதோ ஒரு ஊரில் காது கேளாதோர் பள்ளியின் முற்றம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஐம்பது அறுபது பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோருடைய கையும் பேசுகிறது. முற்றத்தின் இந்தக் கோடியில் இருக்கும் ஒருத்தி அந்தக் கோடியில் இருப்பவளிடம் எதையோ சொல்ல, அவள் சோற்றுக்கையோடு பதில் சொல்கிறாள். மூன்று நிமிஷம் ஓடும் வீடியோ. ஆலியா அதைப் பத்து நாள் பார்த்தாள். மரத்தையும் நிலாவையும் பார்த்த அதே கண்ணால் பார்த்தாள். இந்த முறை மூலையில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

பதினோராம் நாள் திரும்பி அம்மாவிடம் சொன்னாள். அங்கே. கைகள். நான். பஸ்.

முன்னி புரியாததுபோல் துண்டுச்சீட்டை அடுக்கினாள். ஆலியா அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள், நிதானமாக, எனக்குச் சொல்லுவதுபோல். புரியாமல் போவதற்கு இனி வழியில்லை. அவளுக்குப் புரியும்படி செய்தது நாங்கள்தான்.

"அக்கா, வச்சிக்கறதுக்குத்தான் உங்க கிட்ட வந்தேன்" என்றாள் முன்னி. "நீங்க காட்டினதுதான் எம்புள்ளயக் கூட்டினு போவுது."

சொல்லுவதற்கு இருந்ததெல்லாம் அவளுக்கே தெரியும். நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு முயன்றாலும் ஆலியாவுக்குப் பேச இரண்டு பேர்தான் இருப்போம். அதிலும் ஒருத்தி பாலைத் தப்பாகச் சொல்கிறவள். கௌஸ் பாஷாதான் அடம் பிடித்தார். விடுதி விடுதி என்று ஆரம்பித்த மனிதர், அடுத்த வருஷம் பார்க்கலாம், அதற்கும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இழுத்தார். முன்னி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை, என்னோடும் பேசவில்லை. எட்டாம் நாள் வந்து டிராயரைத் திறந்து, அவளே விண்ணப்பத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க. எனக்குக் கை வராது."

பட்டியலையும் நான் திருத்தி எழுதினேன். முதலில் எண், பிறகு தளம், பிறகு யாருக்கு ஆகும். புதிதாக ஒரு கட்டம்: சத்தத்தை அணைத்துப் பார்த்தேனா. நெடுமாறன் வாத்தியார் அதைக் கண்டு, "இது எதுக்கு மேடம்?" என்றார். "எனக்கு" என்றேன்.

ஆலியா கிளம்பிய நாள் அமாவாசையாக அமைந்தது. மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்களால் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. மஞ்சள் புடவைகள், எலுமிச்சம்பழ மாலைகள், பஸ்ஸுக்கு பஸ் ஒரு ஸ்பீக்கர். விழுப்புரம் பஸ்ஸில் கௌஸ் பாஷா ஒரு புதுத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கழுத்தின் உயரத்துக்குப் பஞ்சு அடைத்துத் தானே தைத்தது. ஜன்னலோரம் ஆலியா. ஜன்னல் கண்ணாடியின் சட்டம் துருப்பிடித்து இறுகியிருந்தது, கண்டக்டர் வந்து இழுத்தும் திறக்கவில்லை.

வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் கீழே நின்று கத்தினார்கள். போய் இறங்கினதும் போன் பண்ணு, சாவி உள் பாக்கெட்டில் இருக்கிறது, மாமாவைக் கேட்டதாகச் சொல். உள்ளே இருந்தவர்கள் காதில் கை வைத்து "இன்னா? இன்னா?" என்றார்கள். ஒரு வார்த்தை உள்ளே போகவில்லை.

அந்த இரைச்சலுக்கு நடுவில் முன்னியும் ஆலியாவும் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவசரமில்லாமல், வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதுபோல். எண்ணெய் பையில் இருக்கிறது. தெரியும். வெள்ளிக்கிழமை வருவேன். தெரியும். ஆலியா இரண்டு விரலைக் காதில் வைத்து என்னைப் பார்த்தாள். எனக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னேன், வீடு என்று. அவள் தலையாட்டினாள்.

பஸ் பின்னால் நகர்ந்து திரும்பியது. ஆலியா கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். அம்மா. பிறகு இன்னொன்றைச் சொன்னாள்; எனக்கு அது தெரியவில்லை.

"இன்னா சொல்லுது கொழந்த?" என்று பக்கத்தில் எலுமிச்சம்பழ மாலையோடு நின்ற பெண் கேட்டாள்.

"சாப்டியான்னு கேக்குறா" என்றாள் முன்னி.

அவள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பஸ் மறையும் வரைக்கும் கையை உயர்த்தி, சாப்பிட்டேன், சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.